எது கர்நாடகம்

அந்த வார்த்தை எங்கள் தெருவுக்குச் சாரலோடு வந்தது. அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்துவிட்டது. பட்டணத்திலிருந்து குளிக்க வந்த வக்கீல்மாரும் மிராசுதார்மாரும் பெட்டி படுக்கையோடு அதையும் கொண்டுவந்து இறக்கினார்கள். கர்நாடகம். குடுமி வைத்தவனைக் கண்டால் கர்நாடகம் என்றார்கள். எண்ணெய் விளக்கைக் கண்டாலும் அதையே சொன்னார்கள். பழசு, காலத்துக்கு ஒவ்வாதது, தூக்கிப்போட வேண்டியது என்று அர்த்தமாம். பழசு என்று சொன்னால் யாருக்குப் புரியாது? பழசைத் திட்டுவதற்கும் இவர்களுக்குப் புதுசாக ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

அதை அருவிக்கரையிலிருந்து தென்காசியில் எங்கள் தெருவரைக்கும் தூக்கி வந்தவன் சங்கிலிப்பாண்டி. பக்கத்து வீட்டுக்காரன், போலீஸ்காரன். என்னைவிட வயதில் மூத்தவன்தான். ஆனாலும் அந்தச் சமயத்தை நினைத்தால் எனக்கு வருகிற கோபத்தில் 'அவன்' என்றுதான் வாயில் வருகிறது. சீசன் முழுக்க அவனுக்கு அருவியில் டூட்டி. குளிக்கிற கூட்டத்தை விசில் ஊதி வரிசையில் விடுகிற வேலை. வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவான். அவன் பெண்சாதி ஆவுடைத்தாயும் மாடத்தியாகிய நானும் ஒரே தை மாசத்தில் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவளுக்கு என்னை விட்டால் பேச ஆள் கிடையாது, எனக்கும் அப்படித்தான்.

ஆவுடைத்தாய் புருஷனோடு பேசமாட்டாள். சண்டை ஒன்றும் இல்லை, அந்த வீட்டு வழக்கம் அது. மாமியார் இருக்கிற வீட்டில் மருமகள் புருஷனைப் பார்த்து நேருக்கு நேர் வாய் திறப்பது மரியாதை இல்லை. மாமியார் உச்சிமாகாளியும் தன் மாமியார் காலம் முடிகிறவரைக்கும் அப்படி இருந்தவள்தான். சங்கிலிப்பாண்டி ஏதாவது கேட்டால் ஆவுடைத்தாய் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பானையிடமோ பூனையிடமோ பதில் சொல்லுவாள். நான் இருந்தால் என்னிடம் சொல்லுவாள். "மாடத்தி, சோறு ஆறுது, சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு" என்பாள். இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குள் அவன் எழுந்து கை கழுவப் போயிருப்பான். தனியாக இருக்கும்போதாவது பேசுவாயா என்று ஒருதரம் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, "சரின்னா 'ம்' சொல்லுவேன், வேண்டாம்னா 'ம்ஹூம்' சொல்லுவேன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தோம். சங்கிலிப்பாண்டி வந்தான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னான்.

"எம்மா, சீசன் முடிஞ்சதும் எனக்கு மதுரைக்கு மாத்தல். போலீஸ் லைன்ல வீடு குடுக்காக. பொஞ்சாதியக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லிட்டாக."

"கூட்டிட்டுப் போயேம்ல. நான் இங்கன தனியா இருந்துக்கிடுதேன்" என்றாள் உச்சிமாகாளி.

"எங்கன கூட்டிட்டுப் போக? இவ சுத்தக் கர்நாடகமா இருக்கா. இப்படியே வந்தா மதுரையில வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பாப்போம்."

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். சாயங்காலம் பஸ் ஏறி அருவிக்கும் போய்விட்டான்.

ஆவுடைத்தாயின் கையில் முறம் அப்படியே நின்றது. கல்யாணமாகி மூன்று வருஷம். அவன் ஒவ்வொரு ஊராக டூட்டி பார்க்க, இவள் மாமியாரோடு கிடந்தாள். பிள்ளை இல்லை. இந்தத் தடவையும் விட்டுவிட்டுப் போனால் வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவான். அப்படிப் போன ஒருத்தன் போன இடத்தில் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டதும் எங்கள் தெருவில் நடந்ததுதான். அந்த வீட்டுப் பெண் கோயிலுக்குக்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் போவாள். ஆவுடைத்தாய்க்கு அது ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

"கர்நாடகம்னா என்னட்டி?" என்று கேட்டாள்.

"பழசு."

"எனக்கு இன்னும் இருவது வயசுகூட ஆகலையேட்டி."

"வயசு இல்லட்டி. ஒங்கிட்ட ஏதோ ஒண்ணு பழசா இருக்கு. எதுன்னு நான் வேணா ஒன் வீட்டு அண்ணாச்சிகிட்டக் கேக்கட்டுமா?"

அவள் என் வாயைப் பொத்தினாள். "சோறு ஆறுதுன்னு நீ சொல்லலாம். எங்கிட்ட எது ஒங்களுக்குப் பிடிக்கலைன்னு இன்னொருத்தி வாயாலயா கேக்கச் சொல்லுத? நாண்டுக்கிட்டுச் சாகலாம்."

அவள் சொன்னது நியாயம்தான். அவளாகக் கேட்க வழக்கம் விடாது. என் மூலமாகக் கேட்க மானம் விடாது. ஆகவே எது கர்நாடகம் என்று ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தோம். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் எருமைகள் உண்டு. சீசன் காலத்தில் குற்றாலத்துப் பங்களாக்களுக்கு நான்தான் தயிர் கொண்டுபோவேன். ரயிலடியில் வில்வண்டி ஓட்டுகிற பிச்சைமணி ஏற்றிக்கொள்ளுவார். மறுநாள் வண்டியில் போகும்போது அவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, கர்நாடகம்னா என்னது?"

"இந்த வண்டிதாம்மா. ரயில விட்டு எறங்குதவன்லாம், இந்தக் கர்நாடகத்துல எவன் ஏறுவான்னுட்டு பஸ்ஸுக்கு ஓடுதான். நேத்து மழையில அந்தப் பஸ்ஸு சகதியில பொதஞ்சு போச்சு. மாட்டக் கொண்டாரும், இழுத்து வெளிய போடும்னு எங்கிட்டதான் வந்து நிக்கான்."

"அப்பம் கர்நாடகம் இல்லைன்னு ஒத்துக்கிட்டானா?"

"சகதிய விட்டு வெளிய வார வரைக்கும் இல்ல. ரோட்டுக்கு ஏறுனதும் திரும்பவும் கர்நாடகந்தான்" என்று சொல்லி மாட்டை ஒரு தட்டு தட்டினார்.

இதை ஆவுடைத்தாயிடம் வந்து சொன்னேன். மெதுவாகப் போவதுதான் கர்நாடகம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் வீட்டுக்குள் ஓட்டமும் நடையுமாகத் திரிந்தாள். கிணற்றடியில் வழுக்கி ஒரு குடத்தைப் போட்டு உடைத்தாள். உச்சிமாகாளி, "பேய் கீய் பிடிச்சிருக்கா இவளுக்கு?" என்று என்னிடம் விசாரித்தாள்.

அடுத்து ஒலி முகம்மது வந்தார். கடையநல்லூர்க்காரர், தறிச் சேலைகளை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்பவர். ஆவுடைத்தாய் கதவோரம் நின்று என்னைச் சுரண்டினாள். நான் கேட்டேன்.

"பாய், சேலையில கர்நாடகம் எது?"

அவர் பெரிய கட்டம் போட்ட ஒரு சேலையை உதறி விரித்தார். "போன வருசம் இது கர்நாடகம்னு ஒருத்தரும் தொடல தாயீ. அடியில போட்டு வச்சிருந்தேன். இந்த வருசம் பங்களா அம்மாமாரு இதுதான் வேணும்னு தேடுதாக."

"அப்பம் இந்த வருசம் எது கர்நாடகம்?"

"போன வருசம் எது புதுசோ அது." அவர் சொல்லிவிட்டு அவராகவே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. ஆவுடைத்தாய் போன வருஷம் எடுத்த சேலையைத்தான் கட்டியிருந்தாள். அதை மாற்றினாள். பிறகு, மாற்றினதும் பழசுதானே என்று யோசித்து முதலில் கட்டியிருந்ததையே திரும்பக் கட்டினாள். எனக்கே தலை சுற்றியது. நேற்று கர்நாடகமாக இருந்தது இன்று இல்லை, இன்று இருப்பது நாளைக்கு இருக்காது என்றால், நடுவில் நிற்கிறவள் எதைக் கழற்றுவாள், எதை மாட்டுவாள்?

சீசன் முடியப் பத்து நாள்கூட இல்லை. தயிர் தூக்க ஒத்தாசைக்கு என்று உச்சிமாகாளியிடம் சொல்லி ஆவுடைத்தாயை என்னோடு குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டணத்துப் பெண்களைக் கண்ணால் பார்த்தாலாவது அவளுக்கு ஏதாவது தெளியும் என்று நினைத்தேன். வாடிக்கைப் பங்களாவில் ஒரு வக்கீல் வீட்டம்மா இருந்தாள். அந்த வார்த்தை இல்லாமல் அவளால் பேச முடியாது. மண்சட்டியில் தயிர் கொண்டுபோனால் கர்நாடகம் என்பாள். ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப்போக நாலு மண்சட்டி வாங்கி வரச் சொன்னதும் அவள்தான்.

அவள் ஆவுடைத்தாயைப் பார்த்த மாத்திரத்தில் கிட்டே வந்தாள். காதைப் பார்த்தாள். தொட்டே பார்த்தாள்.

"இந்தக் காலத்திலும் இப்படியா காதைத் தொங்க விடுவார்கள்? சுத்தக் கர்நாடகமாக இருக்கிறதே! இத்தனை லட்சணமான முகத்துக்கு இது எதற்கு? இப்போதுதான் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துவிடுகிறார்களே, தெரியாதா?"

ஆவுடைத்தாயின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை நாள் குழம்பிக் கிடந்த முகம் சட்டென்று தெளிந்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெண் பிறந்ததும் காதைக் கீறி, பஞ்சு திணித்து, பிறகு ஈயத்தில் குணுக்கு போட்டு, அந்தப் பாரத்தில் காது தோள்வரைக்கும் இறங்குகிறமாதிரி வளர்ப்பார்கள். அதில்தான் பாம்படம் என்கிற கனத்த தொங்கல் நகையைப் போடுவது. எல்லாம் பொன். ஆவுடைத்தாய்க்கு அவள் அம்மா எண்ணெய் தடவித் தடவி வளர்த்த காது. அவளைப் பெண் பார்க்க வந்தபோது உச்சிமாகாளி மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அந்தக் காதைத்தான் புகழ்ந்தாளாம். பாம்படம் இல்லாத வெறுங்காதுக்கு மூளிக்காது என்று பேர். தாலி அறுத்தவளுக்குத்தான் அது.

"காதுதாம்ட்டி" என்றாள் வண்டியில் திரும்பும்போது. "அருவிக்கரையில தெனமும் சின்னக் காதாப் பாத்துட்டு வந்து என்னையப் பாக்காகள்ல? வேற என்னவா இருக்கும்?"

"ஒன் வீட்டு அண்ணாச்சி வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"கேக்க முடிஞ்சா நான் ஏன் வண்டிக்காரர்கிட்டயும் சேலைக்காரர்கிட்டயும் கேக்கேன்?" என்றாள்.

மறுபடியும் தயிர் என்று பொய் சொல்லிவிட்டுக் காது தைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் தொங்கு காது. சிவகிரியிலிருந்து வந்த ஒருத்திக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். "மவன் காலேஜுல படிக்கான். கூட்டாளிக முன்னால என்னைய அம்மான்னு சொல்ல வெக்கப்படுதான்" என்றாள். சொல்லும்போது மகன் படிக்கிற பெருமையும் முகத்தில் இருந்தது. அவளைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நர்ஸம்மா, "புருஷனுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள்.

"அவுக சொல்லித்தான் வந்திருக்கேன்" என்றாள் ஆவுடைத்தாய். அவள் பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

பாம்படத்தைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். தொங்குகிற சதையை அறுத்து, மிச்சத்தை ஒன்று சேர்த்துத் தைத்தார்கள். அறுத்த துண்டுகள் ஒரு வெள்ளைத் தட்டில் கிடந்தன. அவள் அம்மா அத்தனை வருஷம் வளர்த்தது அவ்வளவுதான். ஆவுடைத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லை. நான்தான் வெளியே வந்து அழுதேன்.

உச்சிமாகாளி எங்களை வாசலில் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, எம் மவன் உசுரோட இருக்கையில மூளிக்காதோட வந்து நிக்கியே!" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. ஆவுடைத்தாய் தலையில் கட்டோடு நேரே அடுக்களைக்குள் போய் அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். புருஷன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தைரியம்.

சங்கிலிப்பாண்டி அந்த வாரம் வழக்கமான நாளில் வந்தான். உள்ளே நுழைந்து ஒரு நிமிஷம் நின்றான். "எங்கம்மா அவ? வீட்டுல இல்லையா?" என்று கேட்டான். அவள் எப்போதும் நிற்கிற கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். ஏன் இப்படிக் கேட்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

உச்சிமாகாளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆவுடைத்தாய் செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். அவள் தலையில் இருந்த கட்டை அவன் பார்த்தான்.

"என்ன இது? விழுந்துட்டாளா?"

"காத அறுத்துட்டு வந்திருக்கா" என்றாள் உச்சிமாகாளி.

"யாரு அறுக்கச் சொன்னா?"

ஆவுடைத்தாய் என் பக்கம் திரும்பினாள். "மாடத்தி, அவுகதான கர்நாடகம்னு சொன்னாகன்னு சொல்லு."

எத்தனையோ சேதியைத் திருப்பிச் சொன்ன வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை. அவன் காதிலும் அது விழுந்துவிட்டது. செம்பை வாங்க நீட்டிய கையை அவன் கீழே போட்டுவிட்டான்.

"நான் காதையா சொன்னேன்?" என்று அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "காதைப் பத்தி நான் எப்பமாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா மாடத்தி?"

"பின்ன எதச் சொன்னீய அண்ணாச்சி?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசமாட்டேங்காளேன்னு சொன்னேன். அருவியில பாக்கேன், புருசனும் பொஞ்சாதியும் பேசிச் சிரிச்சுக்கிட்டுப் போறாக. இவ பூனைகிட்டச் சொல்லுதா. மதுரையில லைன் வீட்டுல நாங்க ரெண்டு பேருந்தான். பூனையும் கிடையாது, நீயும் கிடையாது. இப்படியே இருந்தா யார்கிட்டச் சொல்லுவான்னுதான் யோசிச்சேன்." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "நடக்கையில அந்தப் பாம்படம் ஒண்ணுல ஒண்ணு தட்டும். அந்தச் சத்தத்துலதான் இவ எங்கன நிக்கா, எங்கன போறான்னு எனக்குத் தெரியும். இவகிட்ட எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அறுத்துட்டு வந்துட்டாளே."

"இத அவகிட்டச் சொல்லியிருக்கலாம்லா? நீங்களும் ஒங்க அம்மாகிட்டதான சொன்னீய?" என்றேன்.

அவன் விழித்தான். அந்த நினைப்பே அவனுக்கு அதுவரை வந்ததில்லை என்று அந்த முழியிலேயே தெரிந்தது.

அப்போது ஆவுடைத்தாய் செம்பைத் தரையில் வைத்தாள். மாமியார் உட்கார்ந்திருக்கிறாள், கதவு பின்னால் இருக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன். அவள் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் பேசுதேன், கேளுங்க. எங்கிட்ட இன்னும் என்னென்ன கர்நாடகம் இருக்கு? எல்லாத்தையும் இப்பமே சொல்லிருங்க. அறுக்க வேண்டியது இருந்தா மொத்தமா அறுத்துப் போட்டுட்டு வாரேன். பாதிய ஒங்க அம்மாகிட்டச் சொல்லி மீதிய என்னைய ஊர் ஊராக் கேக்க வைக்காதிய."

இதுதான் அவள் புருஷனைப் பார்த்து முதல்முதலாகப் பேசினது. உச்சிமாகாளி தன் பாம்படம் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மருமகள் வாய் திறந்ததைக் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்தினாளோ, அவள் காதையும் யாராவது அறுக்க வந்துவிடுவார்கள் என்று பயந்தாளோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. திட்டவில்லை. அது மட்டும் நிச்சயம்.

சங்கிலிப்பாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தான். "ம்ஹூம்" என்று தலையை ஆட்டினான்.

சீசன் முடிந்தது. ஆவுடைத்தாய் மதுரைக்குப் புறப்பட்டாள். பாம்படத்தைப் பெட்டியின் அடியில் சேலைக்குள் மடித்து வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இனி அந்தக் காதில் அது ஏறப்போவதில்லை.

ரயிலடிக்கு வழியனுப்ப நானும் போனேன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சங்கிலிப்பாண்டி முன்னால் நடந்தான். அவள் வழக்கம்போலப் பத்தடி பின்னால். நான் அவளுக்கும் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் நடந்தான், மறுபடியும் திரும்பினான். என் காதில் கிடந்த பாம்படம் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினான் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. திரும்பினவன் கண் முதலில் என்னிடம் வந்து, பிறகு அவளிடம் போய் நின்றது. நான் இரண்டு கையாலும் பாம்படத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். இப்போது ஒரு சத்தமும் இல்லை. அவன் நடுரோட்டில் நின்றே விட்டான்.

"பின்னாலதான் வாரேன்" என்றாள் ஆவுடைத்தாய், அவனிடமே. "நீங்க நடங்க."